தந்தை சிறையில், குழந்தை வெளியில்: பார்க்கும் உரிமைக்கு எங்கிருந்து தொடங்குவது?

கைது நடந்த முதல் வாரத்தில் வீட்டில் ஜாமீனைத் தவிர வேறு பேச்சு இருக்காது. வக்கீல் யார், பணம் எங்கே புரட்டுவது, ஜாமீனுக்கு யார் நிற்பார்கள் என்ற ஓட்டத்தில், "அப்பா எப்போது வருவார்" என்று கேட்கும் குழந்தைக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆறு மாதம் கழித்து அதே குழந்தையைச் சிறைக்கு அழைத்துப் போனால், எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்துப் பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சட்ட உதவி வழக்குகளுக்காகத் தமிழ்நாட்டுச் சிறைகளுக்குப் போய்வரும் வழக்கறிஞர் நான். அந்த ஆறு மாதத்தைக் குடும்பங்கள் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது இது. சிறைக்குப் போனதால் ஒருவர் தந்தை என்ற நிலையை இழப்பதில்லை. விசாரணைக் கைதியாக இருந்தாலும் ஆயுள் தண்டனைக் கைதியாக இருந்தாலும் இதுதான் நிலை. இரண்டாவது, குழந்தையைப் பார்க்கும் உரிமை என்று நாம் பேசுவது உண்மையில் குழந்தையின் உரிமை. தாய், தந்தை இருவரின் அன்பும் குழந்தைக்கு உரியது என்று யஷிதா சாஹு வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது; நேரில் பார்க்க முடியாத பெற்றோருக்குத் தொலைபேசி, காணொளி வழியாகத் தொடர்பு தர வேண்டும் என்றும் சொன்னது. உரிமை குழந்தையுடையது என்பதால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பார்ப்பது குழந்தைக்குக் கேடு என்றால், தந்தை எவ்வளவு அழுதாலும் நீதிமன்றம் மறுத்துவிடும்.

இனி உங்கள் சிக்கல் எது என்று பிரித்துப் பாருங்கள். குழந்தையை வைத்திருப்பவர் அழைத்துப் போகத் தயாராக இருந்தால், நீங்கள் தாண்ட வேண்டியது சிறை வாசல் மட்டும்தான், நீதிமன்றம் வேண்டாம். அவர் மறுத்தால் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். அதற்குக் குடும்ப நல நீதிமன்றம். "இது அவர் பிள்ளையே இல்லை" என்றோ, "நான் அப்பா என்பதற்குச் சான்று இல்லை" என்றோ பேச்சு எழுந்தால், அதை முதலில் தீர்க்க வேண்டும்.

சிறை வாசல்

சிறைவாசியைச் சென்று பார்ப்பதை விதிகள் நேர்காணல் என்று சொல்லும். வாசலில் நிற்கும் குடும்பங்கள் "மனு பார்க்க வந்திருக்கிறோம்" என்பார்கள். நீதிமன்றத்தில் போடுவதும் மனு, இங்கே எழுதிக் கொடுப்பதும் மனு. புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, சிறையில் பிள்ளையைக் காட்டவே நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். உத்தரவு வேண்டாம். அடையாள அட்டையும் சரியான விவரமும் போதும்.

அவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்பதை வக்கீலிடமோ, ரிமாண்ட் செய்த நீதிமன்றத்திலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதலில் கிளைச் சிறையில் வைத்துவிட்டுப் பிறகு புழலுக்கோ, பாளையங்கோட்டைக்கோ, வேறொரு மத்திய சிறைக்கோ மாற்றியிருக்கலாம்; பழைய இடத்துக்குக் கைக்குழந்தையுடன் போய்த் திரும்பியவர்கள் நிறைய. அவருடைய பெயர், அவரது தந்தையின் பெயர், காவல் நிலையம், குற்ற எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிறை எண் தெரிந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஆதார், குழந்தையின் ஆதார் அல்லது பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் நகல். மனு நாளும் நேரமும் சிறைக்குச் சிறை வேறுபடும்; விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் வேறுபடும். ஆகவே கிளம்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள். இ-முலாகாத் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் நேர்காணலுக்கு முன்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. யார் யார் பார்க்க வருவார்கள், குழந்தையை யார் அழைத்து வருவார் என்பதை உள்ளே இருப்பவரும் சிறை அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடட்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். வாய்தா நாளில் நீதிமன்ற வராந்தாவில் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். சிறை தூரம், நீதிமன்றம் பக்கம் என்பதால் பலர் இப்படிச் செய்கிறார்கள். வேனிலிருந்து இறங்கிப் போலீஸ் நடுவே வேகமாக நடத்திச் செல்லப்படும் அப்பாவை நோக்கி ஒரு சிறுவன் ஓடினான். காவலர் கையை நீட்டித் தடுத்தார். அவர் கடுமையாக நடந்துகொள்ளவில்லை, தன் வேலையைச் செய்தார். ஆனால் அந்தப் பையன் அதன் பிறகு சிறை மனுவுக்கும் வர மறுத்துவிட்டான். இப்போது காவல் நீட்டிப்பைப் பெரும்பாலும் காணொளியிலேயே செய்துவிடுகிறார்கள் என்பதால், வராந்தாவில் காத்திருந்தும் அவர் வராமல் போகலாம்.

மனு அறையை முன்கூட்டியே குழந்தைக்கு விவரித்துச் சொல்லுங்கள். நடுவே கண்ணாடியோ வலையோ இருக்கும், அப்பாவைத் தொட முடியாது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் சத்தமாக இருக்கும், நேரம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று. அப்படித் தயார் செய்யப்பட்டு வந்த ஏழு வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். இன்டர்காம் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து முன்பல் விழுந்த இடத்தைக் கண்ணாடிக்கு அருகில் காட்டினாள். "சாணியில் உருட்டிக் கூரை மேல் போட்டாயா?" என்று கேட்டார் அப்பா. "நம் வீடு மொட்டை மாடிப்பா" என்றாள். கிடைத்த நிமிடங்களில் பாதி அந்தப் பல்லிலேயே போயிற்று. வழக்கைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தை வந்திருக்கும் நாளில் வக்கீல் பீஸையும் ஜாமீனையும் பேசாதீர்கள். அதற்குப் பெரியவர் மட்டும் வேறொரு நாள் போகட்டும்.

"அப்பா துபாயில் வேலை பார்க்கிறார்" என்று சொல்லி வளர்ப்பவர்களுக்கு: பள்ளியில் இன்னொரு பிள்ளை உண்மையைச் சொல்லும் நாள் வரும். அதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். வழக்கின் விவரம் வேண்டாம். "அப்பா ஜெயிலில் இருக்கிறார், அதற்கு நீ காரணமில்லை, உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்" என்பது போதும்.

நேரில் போக முடியாத வாரங்களில் சிறையின் தொலைபேசி, காணொளி வசதி உண்டு. உள்ளே இருப்பவர்தான் எண்ணைக் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும். அடிக்கடி சிம்மை மாற்றாதீர்கள். கடிதத்தை மறந்துவிடாதீர்கள். தணிக்கை செய்துதான் கொடுப்பார்கள் என்றாலும், மதிப்பெண் அட்டையின் நகலும் குழந்தை வரைந்த படமும் போய்ச் சேரும். அவர் எழுதும் பதிலை ஒன்று விடாமல் சேர்த்து வையுங்கள். நாளை நீதிமன்றத்தில், தொடர்பு அறுந்துபோகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

வீட்டு வாசல்

குழந்தையை வைத்திருக்கும் தாயோ, தாத்தா பாட்டியோ காட்ட மறுத்தால், முதலில் ஒருவர் போய்ப் பொறுமையாகப் பேசட்டும். மறுப்பவருக்கும் காரணம் இருக்கும். பயணச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு, அக்கம்பக்கத்தார் பேச்சு, சில நேரம் அடிபட்ட நினைவு. பஸ் செலவைத் தாத்தா ஏற்றுக்கொண்டதாலேயே முடிந்துபோன தகராறுகள் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் வழக்கு. மதம் எதுவாக இருந்தாலும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டத்தின்படி மனுப் போடலாம். நம் ஊர் நீதிமன்றங்களில் இதற்கு ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று எண் விழும். எங்கே போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சிறை இருக்கும் ஊரில் போடக் கூடாது. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊருக்கு அதிகாரம் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் போட வேண்டும். அங்கே குடும்ப நல நீதிமன்றம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றம். தந்தை பாளையங்கோட்டையில், பிள்ளை திருப்பூரில் என்றால் வழக்கு திருப்பூரில்தான்.

"உள்ளே இருந்துகொண்டு எப்படி வழக்குப் போடுவது?" சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987, பிரிவு 12, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. ஆகவே எதிர்த்தரப்பில் நிற்கும் தாய்க்கும் அந்த உரிமை உண்டு. சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்தில் தந்தை எழுதிக் கொடுக்கலாம். வெளியில் இருப்பவர் 15100 என்ற எண்ணை அழைக்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். வக்காலத்திலும் மனுவிலும் அவர் சிறையிலேயே கையெழுத்திடுவார். சிறை அதிகாரி சான்றொப்பம் இடுவார். கையெழுத்து வாங்கி வரவே சில வாரங்கள் ஆகக்கூடும். அதனால் வக்காலத்து, மனு, பிரமாணப் பத்திரம், இடைக்கால மனு எல்லாவற்றையும் ஒரே கட்டாக உள்ளே அனுப்பச் சொல்லி வழக்கறிஞரை நச்சரியுங்கள்.

இடைக்கால மனு முக்கியம். மூல வழக்கு முடியக் காத்திருந்தால் குழந்தை வளர்ந்துவிடும். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் பிரிவு 12 இடைக்கால உத்தரவுக்கு வழி செய்கிறது.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். குழந்தையை வளர்க்கும் முழுப் பொறுப்பை, அதாவது காவலை, கேட்டு வீராப்பாக எழுதப்பட்ட மனுக்கள் தோற்றுப்போய், கிடைத்திருக்கக்கூடிய பத்து நிமிடக் காணொளியும் இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். சிறையில் இருப்பவர் குழந்தையை வளர்க்க முடியாது என்பது நீதிபதிக்குத் தெரியும். சிறியதாக, நடைமுறைக்கு ஒத்ததாகக் கேளுங்கள்: வாரம் ஒருமுறை காணொளி அழைப்பு, மாதம் ஒருமுறையோ பள்ளி விடுமுறையிலோ நேரில் பார்ப்பது, கடிதங்களைக் குழந்தையிடம் தருவது, பள்ளி அறிக்கையின் நகல். குழந்தையை அழைத்து வருபவர் யார், செலவு யாருடையது, காய்ச்சல் என்றால் மாற்று நாள் எது என்பதையும் எழுதிக் கேளுங்கள். "தந்தை பார்க்க அனுமதிக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரி உத்தரவால் பயன் இல்லை. அடுத்த வாரமே சண்டை தொடங்கும். தாய் சிறைக்கு வர விரும்பாவிட்டால் அத்தையோ பாட்டியோ அழைத்துப் போகலாம் என்று நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள்.

விசாரணை நாளில் தந்தை நேரில் வர முடியுமா? சிறைவாசியைச் சாட்சியம் சொல்ல அழைத்துவர உத்தரவிட, 1955ஆம் ஆண்டின் சிறைவாசிகள் நீதிமன்ற வருகைச் சட்டம் உரிமையியல் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் தருகிறது. போலீஸ் வழிக்காவல் கிடைக்காமல் தள்ளிப்போவதைவிடக் காணொளியில் ஆஜராவதே எளிது. நீதிபதி குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியே பேசக்கூடும். அதற்காகப் பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், எந்தத் தரப்பானாலும். சொல்லிக்கொடுத்தது எது என்பது நீதிபதிகளுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலைச் சிறைக் கண்காணிப்பாளருக்குக் கொடுங்கள். உத்தரவு இருந்தாலும் மனு நேரம், சோதனை எல்லாம் சிறை விதிப்படிதான். சிறை மிகத் தொலைவில் இருந்தால், குடும்பம் வசிக்கும் இடத்துக்கு அருகில் உள்ள சிறைக்கு மாற்றும்படி அவர் கண்காணிப்பாளர் வழியாக விண்ணப்பிக்கலாம். குழந்தைகளின் பெயரும் வயதும் பள்ளியும் அதில் இருக்கட்டும்.

எப்போது மறுக்கப்படும்

எந்தக் குற்றம் என்பது முக்கியம். அந்தக் குழந்தையே பாதிக்கப்பட்ட போக்சோ வழக்கில் பார்க்கும் உரிமை கேட்டு அலையாதீர்கள். கேட்பதே குழந்தைக்குச் செய்யும் கொடுமை. தாயின் மரணத்தில் தந்தையே குற்றம் சாட்டப்பட்டிருந்தால் நீதிமன்றம் மிகக் கவனமாகப் பார்க்கும். நீல் ரத்தன் குண்டு வழக்கில் (2008) மனைவியின் மரணம் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்ட தந்தைக்குக் கீழ் நீதிமன்றங்கள் தந்த காவலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தாத்தா பாட்டியிடம் இருக்கவே சிறுவன் விரும்பினான். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, பிரிவு 21ன் கீழ், பார்ப்பதால் குழந்தைக்குத் தீங்கு என்று கருதினால் மாஜிஸ்திரேட் அனுமதி மறுக்கலாம். அடி வாங்கிய தாய் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அம்மா, உங்கள் அச்சத்தை நீதிமன்றத்தில் எழுத்தில் சொல்லுங்கள். வெறுமனே மறுத்துக்கொண்டே இருந்தால் பழி உங்கள் மேல் வரும்.

"இது யார் பிள்ளை?"

சட்டப்படியான திருமணம் நிலவும் காலத்தில் பிறந்த குழந்தை கணவனின் குழந்தை என்பது சட்டத்தின் முடிவு. முன்பு சாட்சியச் சட்டத்தின் பிரிவு 112. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் பிரிவு 116. இதை உடைக்க ஒரே வழி, கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று மெய்ப்பிப்பது. சிறைப் பதிவேடு இங்கேதான் உள்ளே வருகிறது. உள்ளே வந்த நாள், ஜாமீனில் போன நாள், விடுப்பில் போய்த் திரும்பிய நாள் எல்லாம் அதில் இருக்கும். அது கணவனுக்கு எதிராகவும் பேசும், மனைவியைக் காப்பாற்றவும் செய்யும். மார்ச் 10 அன்று கைதானவரின் மனைவிக்கு நவம்பர் 25இல் பிரசவம் ஆயிற்று. "அவன் ஜெயிலுக்குப் போன பிறகு பிறந்த பிள்ளை" என்று மாமியார் வீட்டில் ஊரைக் கூட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் 260 நாள்தான். அந்தப் பெண் அழுததெல்லாம் ஒரு காலண்டரை எடுத்து எண்ணாததன் விளைவு.

அந்தப் பிரிவில் வரும் 280 நாள் கணக்கையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது திருமணம் முறிந்த பிறகு, தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறக்கும் குழந்தைக்கான கணக்கு. கைதான நாளிலிருந்து எண்ணுவதற்கு அல்ல.

மரபணுச் சோதனையை நீதிமன்றம் கேட்டவுடன் தராது. கௌதம் குண்டு வழக்கு (1993) முதல் அபர்ணா பிரோதியா வழக்கு (2023) வரை உச்ச நீதிமன்றம் இதையே சொல்லி வருகிறது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகக் குழந்தையைச் சோதனைப் பொருள் ஆக்கக் கூடாது. முதலில் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தனியார் ஆய்வகத்தில் திருட்டுத்தனமாகச் செய்துவரும் சோதனையை நம்பிக் குடும்பத்தை உடைத்துவிடாதீர்கள்.

திருமணம் ஆகாத பெற்றோர் என்றால் நிலைமை வேறு. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் பிரிவு 6இன்படி, மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு முதல் இயற்கைக் காப்பாளர் தாய், அவருக்குப் பிறகே தந்தை. ஆகவே தந்தை என்பதைச் சான்றால் நிறுவ வேண்டும். பிறப்பைப் பதிய 21 நாள் கெடு. அதற்குள், இது என் குழந்தை என்று ஏற்றுக்கொள்ளும் பிரமாணப் பத்திரம் ஒன்றை அவர் சிறையிலேயே எழுதி, அதிகாரியின் சான்றொப்பத்துடன் அனுப்பினால் பிற்காலத் தொல்லை பெருமளவு குறையும். கெடு தாண்டினாலும் பதியலாம், அலைச்சல் கூடும். தாய் மறுத்தால், தன்னைத் தந்தை என்று அறிவிக்கக் கோரி நீதிமன்றம் போக வேண்டும். மரபணுச் சோதனை கேட்பதில் பொருள் இருப்பது இங்கேதான்.

தந்தை என்று நிறுவிவிட்டால் கடமையும் கூடவே வரும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144, மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் ஜீவனாம்சம் தருகிறது. சிறையில் வேலை செய்து பெறும் கூலியிலிருந்து சிறிது அனுப்பினாலும் போதும். தொகையைவிட, விடாமல் அனுப்புவதை நீதிபதி பார்ப்பார்.

அவர் இல்லாமல் கையெழுத்து

பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு என எதற்கும் "அப்பா கையெழுத்து எங்கே" என்று கேட்பார்கள். கீதா ஹரிஹரன் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருந்தாலும் குழந்தையைக் கவனிக்கும் நிலையில் இல்லாதபோது தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள்.

தாய் சிறையில் இருந்தால்

ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தந்த வழிமுறைகள்தான் அடிப்படை. ஆறு வயது வரை குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம். சிறையில் பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் சிறை என்று வரக் கூடாது, அந்தப் பகுதியின் முகவரி மட்டுமே வர வேண்டும்; சான்றிதழைக் கையில் வாங்கியதும் அதைப் பாருங்கள். ஆறு வயதானதும் தாயின் விருப்பப்படி உறவினரிடமோ இல்லத்திலோ ஒப்படைப்பார்கள். அதன் பிறகும் வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்க வழி செய்ய வேண்டும். யாரிடம் விடுவது என்பதை ஐந்தாவது வயதிலேயே அந்தத் தாய் எழுத்தில் கொடுத்துவிடட்டும். கடைசி வாரத்தில் ஆள் தேடினால் முன்பின் அறியாத இல்லத்தில்தான் விட வேண்டி வரும்.

விடுப்பும் விடுதலையும்

தண்டனைக் கைதிகளுக்குத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982இன்படி விடுப்பு உண்டு; பேச்சு வழக்கில் பரோல். நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், திருமணம் ஆகியவற்றுக்கு அவசர விடுப்பு. பிள்ளைகளைப் பள்ளியில், கல்லூரியில் சேர்க்கும் ஏற்பாட்டுக்குச் சாதாரண விடுப்புக் கேட்கலாம். இந்தக் காரணத்தைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், ஆகவே முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றம் போகலாம். 2019 ஜூலையில், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த நளினி, மகளின் திருமண ஏற்பாட்டுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தானே வாதாடி ஒரு மாத விடுப்புப் பெற்றார். விசாரணைக் கைதிகளுக்கு இந்த விடுப்பு கிடையாது. அவர்கள் இடைக்கால ஜாமீன்தான் கேட்க வேண்டும்.

விடுதலையாகி வரும் நாளில் நேரே பள்ளி வாசலுக்குப் போய் நிற்காதீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் வகுப்பு முடிந்து நண்பர்களோடு வெளியே வரும் குழந்தைக்கு, எல்லோர் முன்னாலும் அது பெரிய அதிர்ச்சி. உத்தரவில் குறித்த இடத்தை மீறியதாகவும் ஆகும். பழைய உத்தரவு அப்படியே நடைமுறையில் இருக்கும். அதை மாற்றித் தரும்படி அதே நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டுவிட்டு, முதல் மாதம் பாட்டி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்று தொடங்குங்கள். இத்தனை ஆண்டு குழந்தை அனுப்பிய படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.